நூற்றைம்பதில் நின்ற முள்

சித்திரை மாதத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறை இருந்த லட்சணத்தை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். டாக்டர் கத்தியைப் பிடித்திருக்கும்போது அவர் நெற்றி வேர்வையைத் துடைப்பதற்கென்றே ஒரு நர்ஸ் நிற்பார். திறந்த வயிற்றுக்குள் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் பயம். மின்விசிறி போட்டால் தூசி கிளம்பும். அதனால் 1965இல் அந்த அறையைக் குளிரூட்டுவது என்று ஆஸ்பத்திரியை நடத்திய கன்னியர் முடிவு செய்தார்கள். நான் அங்கே கம்பவுண்டர். மருந்து கலக்குவது என் வேலை. மற்றவர்கள் வேலையில் மூக்கை நுழைப்பது என் சுபாவம்.

குழாய் போட வந்தவர் ராயப்பராஜ். முத்தழகுபட்டிக்காரர், வயது நாற்பதை நெருங்கியிருந்தது. முன்பு பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வாடகைக்கு விட்டும் பழுது பார்த்தும் பிழைத்தவர். ஊர் ஊராகக் கரண்டு வந்ததும் விளக்கைக் கேட்டு யாரும் வரவில்லை. கடையை விற்றுவிட்டு மதுரைக்குப் போய், செம்புக் குழாயை வெள்ளிக் கம்பி உருக்கிப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். குளிர்சாதனக் கம்பெனி ஒன்று அவரைத் தினக்கூலியாக வைத்திருந்தது. அவர் தனியாகச் செய்த முதல் வேலை இதுதான். இது நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்களாம். வீட்டில் ரோசலினும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். திரும்பிப் போய் உட்காரக் கடை இல்லை.

இயந்திரம் மொட்டைமாடியில், குளிர்ந்த காற்றை ஊதும் பெட்டி கீழே அறைக்குள். இரண்டையும் சேர்க்கும் செம்புக் குழாய்கள் மாடி முழுக்க வெயிலில் கிடந்தன. மொத்தம் இருபத்தாறு இணைப்பு. அதில் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் விலை உயர்ந்த குளிர்வாயு ஒழுகிப் போய்விடும். அதனால் முதலில் நைட்ரஜனை அடைத்து ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். அது முடியும்வரை குழாய்க்கு உறை சுற்றக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கம்பெனி எஞ்சினியர் முன்னிலையில் அழுத்தத்தை நூற்றைம்பது பவுண்டுக்கு ஏற்றினார்கள். எஞ்சினியர் சின்ன வயதுக்காரர், மதராஸ் பேச்சு. "நாளைக்கு இதே டயத்துக்கு வரேன். முள்ளு இங்கேயே இருக்கணும்" என்று அழுத்தம் காட்டும் அளவுமானியைத் தொட்டுக் காட்டிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மாடிக்குப் போனபோது ராயப்பராஜ் அளவுமானியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. முள் நூற்று முப்பத்து நான்கில் நின்றது.

"பதினாறு எறங்கிருச்சு கம்பவுண்டரே" என்றார்.

"எங்கண்ணே ஒழுகுது?"

"அதான் தெரியலே. ஒங்க சவர பிரஷைச் செத்த நேரம் குடுங்க."

என் பிரஷில் சோப்பு நுரையைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். ஒழுகினால் குமிழி வரும். ஒன்றிலும் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தடவினார். அப்போதும் இல்லை. மாடி ஏணியில் ஏறி இறங்கியே அவர் கால் ஓய்ந்துபோனது. அந்த முள்ளைப் பார்க்கவே வெறுத்துப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து அளவுமானியின் மேல் போட்டு மூடினார். பிறகு தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். ரோசலின் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி திறக்காமலே கிடந்தது.

நைட்ரஜன் உருளை குழாயோடு பொருத்தியபடி அங்கேயே நின்றது. திருகினால் போதும். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் ஏத்தி விட்ருங்க. நூத்தைம்பதுக்குக் கொண்டாந்து நிறுத்திட்டா அந்த மதராஸ்காரருக்கு என்ன தெரியப் போகுது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. அவருக்கும் அந்த நினைப்பு வந்திருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஏத்தலாம். இன்னைக்கு முள்ளு நிக்கும். ஒரு மாசத்துல கேசு ஒழுகிரும். டாக்டர் கத்தியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப பெட்டி நின்னு போச்சுன்னா, அந்த வேர்வை எங்க விழும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் மருந்து கலக்கக் கீழே போனேன்.

இரண்டு மணிக்கு எஞ்சினியர் வந்தார். அவருக்கு மாடியைக் காட்டுகிற சாக்கில் நானும் பின்னால் ஏறினேன். அவர் மூச்சு வாங்கி நிற்பதற்குள் ராயப்பராஜ் சொல்லிவிட்டார். "சார், பதினாறு பவுண்டு எறங்கிருச்சு. ரெண்டு தடவை சோப்புப் போட்டுப் பாத்துட்டேன், கண்டுபிடிக்க முடியலே. எல்லாத்தையும் கழட்டித் திரும்பப் பத்தவைக்கிறேன். கூலி வேண்டாம்."

எஞ்சினியர் அளவுமானியின் மேல் கிடந்த துண்டை எடுத்தார். முள் நூற்றைம்பதில் நின்றது.

ராயப்பராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். நூற்றைம்பதேதான்.

"எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" என்றார் எஞ்சினியர்.

"காலையில ஆறு மணிக்கு."

"இந்தக் குழாயைத் தொடுங்க."

தொட்ட கையை ராயப்பராஜ் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுப்பில் கிடந்த கரண்டி மாதிரி கொதித்தது.

"விடிகாலையில குழாய் குளிர்ந்துடும். உள்ள இருக்கிற கேஸ் சுருங்கும், முள்ளு எறங்கும். வெயில் ஏறினா தானா மேல வரும். அதனாலதான் இதே டயத்துக்கு வரேன்னேன். காரணத்தைச் சொல்லாம போனது என் தப்பு" என்றார். இதை நேற்றே சொல்லித் தொலைத்திருந்தால் என் பிரஷாவது தப்பித்திருக்கும்.

ராயப்பராஜ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் தளும்பியது, அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. எனக்கே ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது.

எஞ்சினியர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "வேற ஒரு ஊர்ல ஒருத்தர் காலையில இதைப் பார்த்துப் பயந்து, யாருக்கும் தெரியாம கேஸ் ஏத்தி வெச்சுட்டார். மத்தியானம் நான் போனா, வெயில்ல அதுக்கும் மேல ஏறி முள்ளு நூத்தி அறுபத்தாறுல நிக்குது. அன்னியோட அவரை அனுப்பிட்டோம். உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி இன்னிக்கே எழுதறேன்."

காலையில் அவர் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால்?

"உங்களுக்கு ஏத்தணும்னு தோணலையா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"தோணுச்சு சார்" என்றார் ராயப்பராஜ். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "கம்பவுண்டர்தான், அப்பிடிச் செய்யக் கூடாது, சார் வரட்டும்னு என்னையத் தடுத்துட்டாரு."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. எஞ்சினியர் இரண்டே எட்டில் வந்து, "உங்க மாதிரி ஆளுங்க வேணும் சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.