நான் போட்டுவிட்டு ஓடிய பதாகை

எங்களுக்குப் பிறகு ஓய்வுபெற்றவர்களுக்கு எங்களைவிடக் கூடிய ஓய்வூதியம். நாங்கள் இருந்த அதே கதிரை, அதே வேலை. அதைச் சரிசெய்யச் சொல்லி எங்கள் சங்கம் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் வைத்தது. பதாகையின் ஒரு தடியை என்னோடு கந்தோரில் வேலைபார்த்த, நான் அண்ணனாக மதிக்கும் காத்தான்குடி கபூர் நானா பிடித்தார். மற்றத் தடி ஆரையம்பதி வீரனான என் கையில்.

கூட்டத்தில் உரக்கக் கத்தியவன் நான்தான். ஆனால் கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒருவன் எங்களை ஒவ்வொரு முகமாகப் படம் எடுக்கத் தொடங்கியதும் அரசாங்கத்து உளவாளி என்றே நினைத்துவிட்டேன். இருக்கிற பென்சனையும் வெட்டப்போகிறார்கள்! தடியைப் போட்டுவிட்டு எதிரே இருந்த மருந்துக்கடைக்குள் பாய்ந்தேன்.

"என்னகா, எங்க ஓடுறாய்?" என்று நானா கத்தினார்.

"பிரசர் பார்க்க!" என்றேன். பார்த்தார்கள். உண்மையிலேயே ஏறியிருந்தது.

படம் எடுத்தவன் எங்கள் சங்கச் செயலாளரின் மருமகனாம். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. முழங்கால் நோவோடு நானா தனியே தடியைப் பிடித்து நிற்கிறார். மிச்சப் பதாகை தெருவில் கிடக்கிறது. எங்கள் கோரிக்கையை ஒருவராலும் வாசிக்க முடியாது.

"பென்சனைக் கூட்டித் தந்தா மட்டும் முதல் ஆளாப் போய் நிப்பீங்க, என்ன?" என்றாள் மனைவி.

கூட்டித் தரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது நானா தேத்தண்ணி தந்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் ஆர்ப்பாட்டத்துக்குப் போனால் தடியை என் மணிக்கட்டோடு கயிற்றால் கட்டிக்கொள்கிறேன். முடிச்சுப் போடுவது கபூர் நானாதான். கை நோகும் அளவுக்கு இறுக்குகிறார். இனி ஓடினாலும் பதாகையோடுதான் ஓட வேண்டும்.