சனிக்கிழமை விரதமும் சர்ஜனின் கத்தியும்

"இருபது அடிக் குடல். அதில் முக்கால்வாசிக்கு இனிமேல் வேலை கிடையாது" என்றார் சர்ஜன். வீட்டில் ஒரு ரூமைப் பூட்டி வைக்கப் போகிறேன் என்று சொல்வாரே ஒருவர், அவ்வளவு சாதாரணமாக...

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குடல் என்னுடையது அல்ல. என் அக்கா ராஜத்தின் கணவர், சுந்தரம் அத்திம்பேருடையது. பம்பாய் மாதுங்காவில் மூன்றாவது மாடியில் வீடு. கோட்டைப் பகுதியில் ஆபீஸ். எடை நூற்றிருபத்தெட்டு கிலோ. இன்னும் பவுண்டிலேயே நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன் — இருநூற்றெண்பது!

பருமன் என்றால் நாம் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். லோக்கல் ரயிலில் அவருக்கு இரண்டு பேர் இடம் என்று அவர் காதுபடவே கேலி செய்திருக்கிறேன். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை, மாதுங்கா ஸ்டேஷன் பாலத்தின் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. அவருடைய வண்டி வந்தது, போயிற்று. அடுத்ததும் வந்தது, போயிற்று. அன்றைக்குத்தான் எங்கள் சிரிப்பு நின்றது.

இதய டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "எடை குறையாவிட்டால் இந்த இதயம் ரொம்ப நாள் தாங்காது" என்றுவிட்டு, அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஒரு சர்ஜனிடம் அனுப்பினார். சர்ஜனும் எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்கவில்லை. மூன்று மாதம் தவணை கொடுத்தார். தினமும் நடக்க வேண்டும். இரவில் அரிசிச் சோறு கூடாது. வாரத்தில் மூன்று நாள் விரதம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து மெஷினில் ஏறி நின்றால் — ஒரு கிலோ கூடியிருக்கிறது!

அதனால்தான் அன்றைக்கு அந்தக் குடல் பேச்சு. சர்ஜன் ஒரு காகிதத்தை எடுத்து, பென்சிலால் வளைத்து வளைத்துக் குடலை வரைந்தார்.

"இப்போது உங்கள் சாப்பாடு ஸ்லோ லோக்கல். வி.டி.யிலிருந்து கல்யாண் வரை எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சத்து இறங்கிக்கொள்கிறது. நான் மேல் முனையை வெட்டி, கீழ்ப்பக்கம் கொண்டுபோய்த் தைத்துவிடுவேன். பிறகு எல்லாம் ஃபாஸ்ட்தான். நடுவில் எங்கும் நிற்காது. எதுவும் உடம்பில் ஒட்டாது."

"ஒட்டாவிட்டால் உடம்புக்குத் தெம்பு?" என்று கேட்டேன்.

"அதுதான் சிக்கல். வயிற்றுப்போக்கு இருக்கும். பலவீனம் இருக்கும். ஆயுள் முழுக்க மருந்து வேண்டியிருக்கலாம். ஆபரேஷன் மேஜையிலேயே ஆபத்தும் உண்டு. இவ்வளவு கொழுப்புக்கு நடுவில் மயக்க மருந்து கொடுப்பது லேசல்ல."

"இந்த ஊரில் வேறு யாருக்காவது செய்திருக்கிறீர்களா?"

"இல்லை. இவர்தான் முதல்."

அத்திம்பேர் தலையைக் குனிந்து தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தோன்றியதோ! சர்ஜன் கடைசியாக ஒருமுறை கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்கள். மூன்று மாதமும் விரதம் இருந்தீர்களா?"

அத்திம்பேர் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். யார் கேட்டார்கள் என்னை? "டாக்டர், இவர் ரொம்ப ஆசாரமானவர். சின்ன வயசிலிருந்து சனிக்கிழமை விரதம். இப்போது திங்களும் வியாழனும் சேர்ந்திருக்கிறது. ராத்திரி ஒரு பருக்கை சோறு தொடுவதில்லை. நான் சாட்சி" என்றேன்.

சாட்சி என்று நான் சொன்னதும் சர்ஜன் ஆபரேஷன் சம்மதக் காகிதத்தில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று. காகிதத்தின் நகலும் பென்சில் படமும் எங்கள் கையில். டாக்ஸியில் மாதுங்கா வந்தோம். இறங்கும்போது அத்திம்பேர், "ராஜத்துக்கிட்ட குடல் கிடல்னு விவரமா சொல்லி வைக்காதேடா" என்றார்.

இனி வருவதுதான் எனக்கு நிஜமான அதிர்ச்சி.

சனிக்கிழமை சாயங்காலம். செம்பூரில் என் வீட்டிலிருந்து கிளம்பி மாதுங்கா போனேன். புதன்கிழமை யார் யார் ஆஸ்பத்திரியில் இருப்பது என்று பேச வேண்டும். மூன்று மாடி ஏறும்போதே நெய் வாசனை வந்தது. அத்திம்பேர் ஹாலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இலை.

"வாடா ரமணி. இன்னிக்கு இவருக்கு விரதம்டா. அதான் சீக்கிரமாப் பலகாரம் பண்ணிட்டேன். நீயும் உக்காரு" என்றாள் அக்கா. கண் சிவந்திருந்தது. மறைத்து வைத்தும் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது போல.

"அந்தப் பேப்பர்ல என்னதான் எழுதியிருக்கு? இங்கிலீஷ்ல இருக்கு. இவரைக் கேட்டா ஒண்ணுமில்லேங்கறார். நீ படிச்சுச் சொல்லு. எனக்குத் தெரியணும்" என்று காகிதத்தைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சரி, மறைத்து என்ன பயன்? உரக்கப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

"நோயாளி மூன்று மாதம் கடுமையாக உணவைக் குறைத்தும்..."

அக்கா ஓர் அடையைக் கொண்டுவந்து இலையில் போட்டாள். மேலே வெண்ணெய். பக்கத்தில் வெல்லம்.

"...வாரத்தில் மூன்று நாள் முழு விரதம் இருந்தும்..."

இன்னோர் அடை. இதற்கு அவியல்.

"...எடை குறையவில்லை. ஆகவே அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை. உயிருக்கு அபாயம் உண்டென்பது எடுத்துச் சொல்லப்பட்டது. சாட்சி..."

சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து. நிமிர்ந்து பார்த்தேன். சர்ஜன் வரைந்த படம் இலைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. அதன்மேல் உருகின வெண்ணெய் சொட்டி, குடல் பளபளவென்று மின்னியது. அக்கா இன்னோர் அடையுடன் வந்துகொண்டிருந்தாள்.

பகீரென்றது எனக்கு.

"அக்கா... நில்லு. இது எத்தனாவது?"

"என்னது?"

"அடை!"

"அஞ்சாவதோ ஆறாவதோ! அதையெல்லாமா எண்ணுவா? சாதமே தொடாம உக்காந்திருக்கார் மனுஷர். நீ வேற கண்ணு போடாதே!"

"திங்கக்கிழமை?"

"பூரி. இல்லேன்னா அரிசி உப்புமா."

"வியாழக்கிழமை?"

"தோசை. ஏண்டா இப்படிக் குறுக்குக் கேள்வி கேக்கறே? மத்தியானம் ஒருவேளைதான் சாப்பாடு. ராத்திரி வெறும் பலகாரம். விரதம்னா அப்படித்தானே? உனக்குத் தெரியாதா?"

தெரியாதா? அதுதானே வினை! எனக்கும் தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தான் சர்ஜன் முன்னால் அவ்வளவு தைரியமாகச் சாட்சி சொன்னேன். சோறாகப் பொங்கினால் அரிசி... ஊறவைத்து அரைத்துவிட்டால் அது பலகாரம்! அடையில் போடுவது பின்னே என்ன, சிமெண்டா? இதை நாங்கள் யாருமே ஒருநாளும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை.

"நடை?" என்று கேட்டேன், ஈனஸ்வரத்தில்.

அத்திம்பேரே பதில் சொன்னார். "தினம் போறேனேடா! கிங்ஸ் சர்க்கிளைச் சுத்தி ஒரு ரவுண்டு. ஒருநாள் தவறாம, எக்தம் ரெகுலர்."

"எங்கே முடியும்?"

"ஹோட்டல் வாசல்ல. களைச்சுப் போயிடறதா... ஒரு ரவா தோசை, ஒரு காபி. சாதம் இல்லையே!"

சிரிக்கிறீர்களா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் நாலே நாள். ஊரில் யாருக்கும் செய்திராத ஆபரேஷன். மேஜையிலிருந்து இவர் திரும்புவாரா என்பதே சந்தேகம். எதற்காக? ஐந்தாறு அடையை நாங்கள் விரதம் என்று நம்பியதற்காக!

"அத்திம்பேர், டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும்" என்றேன்.

மனிதருக்கு வந்ததே கோபம்! இலையை விட்டு எழுந்துவிட்டார். "அப்போ நான் பொய் சொன்னேங்கறியா? முப்பது வருஷமா சனிக்கிழமை ராத்திரி சாதம் தொட்டதில்லைடா நான். ஆசாரம் தெரியாத டாக்டர்கிட்ட என்னைத் திருடனாக்கப் போறியா?" கண்ணில் நீர் முட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் பொய்யே சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அக்கா அடைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்துவிட்டாள். "நான்தானாடா? நானா என் கையாலயே இவரைக் கத்திக்கு..." பசியோடு இருக்கிறாரே என்று விரத நாளில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் கூடப் போட்டவள் அவள்.

திங்கள் காலை நானும் அக்காவும் மட்டும் சர்ஜனிடம் போனோம். சர்ஜன் பம்பாய்க்காரர்தான். ஆனால் அடையை அறியாதவர். "அடை என்றால் என்ன?" என்று கேட்டார். அரிசி, மூன்று வகைப் பருப்பு, ஊறவைத்து அரைத்து, கல்லில் ஊற்றி, சுற்றிலும் எண்ணெய், நடுவில் ஓட்டை போட்டு அதிலும் எண்ணெய், மேலே வெண்ணெய் — ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"இது எப்போது சாப்பிடுவது?"

"விரத நாளில், டாக்டர்."

"மற்ற நாளில்?"

"மற்ற நாளில் சாப்பாடு, டாக்டர்."

அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. "புதன்கிழமை நான் இந்த மனிதரின் வயிற்றைத் திறந்திருப்பேன்" என்றார் மெதுவாக. "உங்கள் விரதம் என்னவென்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை."

பிறகு அக்காவிடம் திரும்பி, ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து, பொறுமையாக விளக்கினார். என்ன செய்தும் எடை குறையாதவர்கள் உண்டாம். அமெரிக்காவில் நிறையப் பார்த்திருக்கிறாராம். உண்மையாகவே பட்டினி கிடந்து, நடந்து, அழுது, தோற்றுப்போனவர்களாம். அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது, கத்தி அவர்களுக்காகத்தான் என்றார். "ஆனால் உங்கள் கணவர் இன்னும் தோற்கவில்லை. அவர் ஆரம்பிக்கவே இல்லை!"

மறுபடியும் மூன்று மாதத் தவணை. இந்தத் தடவை வாயில் போடுவது எதுவானாலும் — காபி, முறுக்கு, கோவில் சுண்டல் உள்பட — எழுதி வைக்க வேண்டும். அப்படியும் குறையாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார். சாட்சிக் காகிதத்தை என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். அக்கா அவருக்குக் கை கூப்பினாள்.

வெளியே வந்தபின் எனக்கு ஒரே யோசனை. நம்மில் எத்தனை பேர் இப்படி? "நான் ரொம்பக் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்லாத பருமனானவர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பொய் இல்லை. நின்றுகொண்டு தின்றது, ருசி பார்த்தது, மிஞ்சிப்போகிறதே என்று வாயில் போட்டது, விரதத்துக்குத் தின்றது... இதெல்லாம் நம் கணக்கில் வருவதே இல்லை. உடம்பு மட்டும் ஒன்றையும் விடாமல் குறித்து வைத்துக்கொள்கிறது.

நேற்று சனிக்கிழமை. அத்திம்பேரின் கோபம் தணிந்ததா என்று பார்க்கப் போனேன். வீட்டில் வாசனையே இல்லை. இலை இல்லை, பலகை இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு, ஒரு டம்ளர் நீர்மோரும் நாலு துண்டு வெள்ளரிக்காயுமாக உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டில் யாரோ வடை தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா சமையலறையில் வேலையே இல்லாமல் நின்றுகொண்டு, அவரைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தாள்.

என்னைக் கண்டதும் பக்கத்தில் வரச்சொன்னார். கோபம் இல்லை. முகத்தில் ஒரு திகைப்பு. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்:

"ஏண்டா ரமணி... பசின்னா இப்படித்தான் இருக்குமா?"

முப்பது வருஷம் விரதம் இருந்த மனிதர் கேட்கிறார்!

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? சனிக்கிழமையாச்சே... நாலு அடை சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன்.