ஒரு சிட்டிகைப் பிரசாதம்

1998-ஆம் ஆண்டு, ஐப்பசி பௌர்ணமி முடிந்த இரண்டாவது வாரம். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதற்காகத் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன்.

அப்போது நான் ஓர் அணுமின் நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அணு உலையின் வெப்பத்தில் நீராவியாகப் போகிற தண்ணீரைத் தினமும் சோதிக்க வேண்டும். அதில் குளோரைடு என்னும் உப்பு கொஞ்சம் கூடினாலும் குழாய்களை உள்ளேயே அரித்துவிடும். கொஞ்சம் என்றால், கோயில் குளத்தில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுகிற கணக்கு.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருபவர், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை என்னும் ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என் மகள் மஞ்சள் காமாலையில் படுத்திருந்ததால், அவளுக்காக வேண்டிக்கொண்டு கிரிவலம் சுற்றி, விபூதிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். ஆய்வகத்திலேயே பிரித்து நெற்றியில் இட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

அன்று குளோரைடு எகிறியது. உலையை நிறுத்த வேண்டிவருமோ என்று அதிகாரிகள் ஓடிவந்தார்கள். மறுபடி தண்ணீர் பிடித்து, அவர்கள் எதிரில் கையுறை போட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியென்றால் முதல் பாட்டிலில்தான் கோளாறு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பத்துப் பேர் எதிரில் அவரைத் திட்டி, "பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை" என்று பதிவேட்டில் அவர் பெயரோடு எழுதிவிட்டேன். அவர் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அன்றே லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மறுபடி குளோரைடு எகிறியது. அன்று தண்ணீர் பிடித்ததும் நான், சோதித்ததும் நான். திட்டுவதற்கு ஆளில்லை. கையைப் பார்த்தேன், விரல் நுனியில் காலையில் இட்டுக்கொண்ட விபூதி. அன்றைக்குப் போலவே அவசரத்தில் கையுறை போடாமல் மூடியைத் திருகியிருந்தேன். விபூதியும் சாம்பல்தானே, அதில் உப்பு இல்லாமல் இருக்குமா? இத்தனை வருடம் வேதியியல் படித்த எனக்கு இது தோன்றவில்லை! மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டு, பதிவேட்டைத் திருத்தி எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குங்க மேடம்?"

நல்லாயிருக்கிறாள் என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். உங்க விரல்ல விபூதி இருந்துச்சு, பாத்தேன்."

"அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"கொழந்தைக்காக நானே குடுத்த பிரசாதம். அதாலதான் கெட்டுப்போச்சுனு எப்படிங்க சொல்றது? அப்புறம் அதைத் தொடவே பயப்படுவீங்க. அவ ஒடம்பு தேறட்டும்னு உட்டுட்டேன்."

"வேலை போயிடுமோங்கிற கவலையில இந்த மனுசன் சோறுகூட கம்மி பண்ணிட்டாருங்க" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அந்த அம்மாவே வந்து கையைப் பிடித்து உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

அந்த மாதக் கடைசியில் அவர் வேலை நிரந்தரமானது. நூறு கோடியில் ஒரு பங்கு உப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, எதிரில் நின்ற மனிதரைத் தெரியவில்லை. இன்றும் ஒருவர்மேல் குற்றம் எழுதப் பேனாவை எடுத்தால், முதலில் என் விரல்களைப் பார்த்துக்கொள்கிறேன்.