ஒன்பதாவது கட்டம்

என் அக்கா யாரையும் நம்பமாட்டாள். காய்கறிக்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பார்ப்பாள். ஒரு டாக்டர் மாத்திரை எழுதினால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவாள். அவரும் சரி என்றால், இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்களோ என்று யோசிப்பாள். இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சொன்ன கம்பெனிக்கே போய், இப்படி ஒருவர் உண்மையிலேயே இங்கே வேலை பார்க்கிறாரா என்று வாசல் காவலாளியிடம் விசாரித்தாள். உண்மையாகவே வேலை பார்த்தார். இவள் விசாரித்ததும் அவர் காதுக்குப் போனது, சம்பந்தம் அதோடு முறிந்தது. உண்மை சொல்பவனுக்கு ஏன் கோபம் வரவேண்டும் என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அதனால் கடைக்கு வருபவர்களுக்கு அவள் லென்ஸ் அக்கா. நான் லென்ஸ் அக்காவின் தங்கச்சி, அவ்வளவுதான்.

தந்தி வாத்தியங்களைப் பழுது பார்ப்பது எங்கள் தொழில். கடை மாடியில் இருக்கிறது. ஒரே அறை, இரண்டு மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கத்து மேஜை அவளுடையது என்று சொல்லத் தேவையில்லை. கிட்டாரின் கழுத்தில் விரல் ஓடுகிற கறுப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கே கம்பி பதித்து அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். எந்தக் கட்டத்தில் விரல் இருக்கிறது என்று வாசிப்பவருக்குத் தெரிய, சில கட்டங்களின் நடுவே சிப்பியில் வெட்டிய வெள்ளைப் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு பதிப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டத்தின் மேல் காகித டேப்பை ஒட்டி, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு நடுப்புள்ளியைப் பிடிப்பாள். ஊசியால் ஒரு குத்து. பிறகு டிரில். பொட்டின் கனத்தைவிடத் துளையின் ஆழம் ஒரு மயிரிழை குறைவாக இருக்கவேண்டும். பசை ஒரு துளி, மரச்சுத்தியால் ஒரு தட்டு, காய்ந்ததும் அரத்தால் சமன் செய்வது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் பொட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியக்கூடாது.

முன்பு அவள் ஒரு வாத்தியத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் இதே வேலை பார்த்தாள். அங்கே சிப்பிக்குப் பதில் பிளாஸ்டிக் பொட்டு வைத்து, சிப்பி என்றே விற்க ஆரம்பித்தார்கள். வாங்க வந்தவரிடம் இவள் அதைப் போட்டு உடைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே வேலை போயிற்று. எங்கள் கடை அப்படித்தான் ஆரம்பமானது. தப்பு நடந்தால் வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும் என்பது கடையின் முதல் சட்டம்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியது நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கிட்டார் பலகையில் கட்டத்தைத் தப்பாக எண்ணி, ஐந்துக்குப் பதில் ஆறில் துளை போட்டுவிட்டேன். பலகையும் கருங்காலி மரம்தான், அதன் தூளைப் பசையில் குழைத்து அடைத்தால் யாருக்கும் தெரியாது என்றேன். அக்கா போனை எடுத்து நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள். நான் வாடிக்கையாளரிடம் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை எதிரில் நின்றாள். புதுப் பலகை போட்டுக் கொடுத்தோம். அன்றைக்கு டிரில் அவள் மேஜை இழுப்பறைக்குள் போனது, சாவி அவள் இடுப்புக்குப் போனது. கம்பி அடிப்பதும் தந்தி மாட்டுவதும் மட்டும் என் வேலை. ஒன்பது வருஷமாக அந்த டிரில்லைத் திரும்பக் கேட்கவேண்டும் என்று நினைப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். நாற்பத்து மூன்று வயதில், சொந்தக் கடையில், இது எவ்வளவு அவமானம் தெரியுமா?

போன மாதம் பள்ளிக்கூடத்து மாண்டலின் டீச்சர் தன் வாத்தியத்துக்குப் புதுப் பலகை போடச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் நாள் மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டு, உப்புத்தாள் தீர்ந்துவிட்டது, வாங்கி வா என்றாள். அலமாரியில் பிரிக்காத கட்டு இரண்டு இருந்தது எனக்குத் தெரியும். எனக்கு மூக்கில் வியர்த்தது. ஆனாலும் போனேன். திரும்பி வந்தபோது பலகை துணிக்குள் இருந்தது. வேலையை மூடி வைக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

மறுநாள் காலையில் வந்ததும் முதல் கேள்வி:

"இந்தத் துணியை நீ எடுத்தியா?"

இல்லை என்றேன். உண்மையில் அதுவரை எடுக்கவில்லை. அவள் கேட்டதால்தான் எடுக்கத் தோன்றியது.

அவள் கீழே குழாயடிக்குப் போன நேரத்தில் துணியை விலக்கினேன். பிளாஸ்டிக் வைத்துவிட்டாளோ என்பதுதான் என் சந்தேகம். ஒரு பொட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, பிளாஸ்டிக் அப்படிக் குளிராது. சிப்பிதான். வெட்கமாகப் போயிற்று. வைக்கப் போனவள், அவளிடமே கற்றுக்கொண்ட புத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பலகையை ஒருமுறை சாய்த்தேன்.

ஒன்பதாவது கட்டத்தில், கறுப்புக்குள் கறுப்பாக, ஒரு வட்டம்.

கிட்டாரில் ஏழுக்கு அடுத்த பொட்டு ஒன்பதில் வரும். அந்த டீச்சரின் மாண்டலினில் பத்தில் வரவேண்டும். பழைய பலகையில் அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷம் ஒன்பதுக்கே போய்ப் பழகிய கை, ஒன்பதுக்கே போயிருக்கிறது. கருங்காலித் தூளைப் பசையில் குழைத்து அதை அடைத்துவிட்டு, பத்தில் பொட்டு வைத்திருந்தாள். நான் அன்றைக்குச் சொன்ன அதே வழி. அடைத்த இடம் எவ்வளவு சுத்தம் என்கிறீர்கள்? அதிலும் அவளை மிஞ்ச முடியாது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது. சொல்லுவாள் என்று காத்திருந்தேன். ஒரு நாள் போயிற்று, சொல்லவில்லை. மறுநாள் பலகையை மாண்டலினில் ஒட்டி, கம்பி அடிக்க என் மேஜையில் வைத்தாள். நான் கம்பி அடித்துவிட்டால் அந்தத் தப்பு என்னுடையதும்தான். வரிசையாக அடித்துக்கொண்டு போனேன். ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் என் சுத்தியல் ஒரு நொடி நின்றது. எனக்குப் பின்னால் அவளுடைய அரத்தின் சத்தமும் நின்றது.

நான் திரும்பவில்லை. அடுத்த கம்பியை அடித்தேன். அரமும் ஓடத் தொடங்கியது.

டீச்சர் வந்தார். மடியில் வைத்து வாசித்துப் பார்த்தார், கட்டை விரலால் பலகையைத் தடவினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"லென்ஸ் அக்கா கை பட்டதை நான் ரெண்டாவது தடவை பாக்கவே மாட்டேன்" என்றார்.

அக்கா டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. நான் பெட்டியைத் துடைத்து, வாத்தியத்தை உள்ளே வைத்து, கொக்கியைப் போட்டேன். டீச்சர் படியிறங்கிப் போனார். இரண்டு பேரும் அவரவர் மேஜைக்குத் திரும்பினோம்.

மறுநாள் நான் வந்தபோது என் மேஜையில் டிரில் இருந்தது, பக்கத்தில் சாவியும் இருந்தது.

"இனிமே பொட்டு வேலையை நீயே பாத்துக்கோ. என் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

சரிக்கா என்றேன். வேறென்ன சொல்லட்டும்? ஒன்பது வருஷமாகக் கேட்க நினைத்தது தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. வேண்டாம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. ஆசையாகத்தான் எடுத்தேன்.

முதல் பலகையை முடிக்க எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. ஒவ்வொரு கட்டத்தையும் நாலு முறை எண்ணினேன். முடித்து அவளிடம் கொண்டுபோனேன். கடையில் அவள் பார்க்காமல் ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை. அன்றைக்கோ பூதக்கண்ணாடியைத் தொடக்கூட இல்லை. பலகையைக் கையில் வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"வெளிச்சத்துல சாச்சுப் பாரேன்க்கா" என்றேன்.

"எதுக்கு? உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

அந்த வார்த்தையை அவள் இதற்குமுன் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பலகையை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். அவள் சொன்னதை நான் நம்பவில்லை.