மதர்போர்டுக்கு நான் போட்ட மூன்று வருடம்

மூன்று என்ற எண் எனக்கு எங்கிருந்து வந்தது? என் கொழுந்தன் இதைக் கேட்டு நாலு நாள் ஆகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தெரியாததால் சொல்லவில்லையா, தெரிந்ததால் சொல்லவில்லையா என்பதும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

கொழுந்தனுக்கு இருபத்திரண்டு வயது. தசைச்சிதைவு நோய். எட்டு வயதில் படி ஏற முடியாமல் போனதாம், பதினொன்றில் நடை நின்றதாம். நான் கல்யாணமாகிச் சின்னமனூருக்குத் தெற்கே இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தபோதே அவன் சக்கர நாற்காலியில்தான் இருந்தான். அந்த நாற்காலியும் அவனுக்கென்று வாங்கியதில்லை. ஆண்டிபட்டியில் என் மாமியாரின் அக்கா மகன் ஒருவர் இதே நோயோடு இருந்தார். அவர் போன பிறகு அவர்கள் வீட்டில் சும்மா கிடந்ததை இவனுக்குக் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போது அவனால் கையைத் தூக்க முடியாது. விரல்களும் மணிக்கட்டும் மட்டும் வேலை செய்கின்றன. மேசையில் கையை எடுத்து வைத்துவிட்டால் மவுஸை நகர்த்துவான், நாலைந்து பொத்தான்களை அழுத்துவான். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அது போதும். கம்பத்தில் இரண்டு பேர், குமுளியில் மூன்று பேர் என்று அவனுக்கு ஒரு கூட்டம் உண்டு. ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டால் மத்தியானம் முழுக்க அவர்களோடு சத்தம்தான். குமுளிப் பையன்களோடு திட்டிச் சண்டை போட்டே மலையாளம் கற்றுக்கொண்டான். எங்கள் வாசலில் மூன்று படி. அவனை இறக்க இரண்டு ஆள் வேண்டும். மதுரை ஆஸ்பத்திரிக்குத் தவிர அவனை நாங்கள் இறக்குவதில்லை.

பங்குனியில் அந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் மதர்போர்டு போய்விட்டது என்றார். கிராபிக்ஸ் கார்டும் ரேமும் நன்றாக இருக்கின்றனவாம், போர்டும் ப்ராசஸரும் மட்டும் புதிதாக வாங்கினால் போதுமாம்.

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீதான கம்ப்யூட்டர் படிச்சவ, நீயே பாத்துச் சொல்லு. ரொம்ப வெலையில வேணாம், ஆனா கேம் ஓடணும்" என்றார்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். மூன்று வருடமும் புரோகிராம் எழுதினோமே தவிர, ஒரு மதர்போர்டைக் கையால் தொட்டது கிடையாது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தலையாட்டினேன். இந்த வீட்டில் என் படிப்புக்கு வந்த முதல் வேலை அது.

என் பையன் மத்தியானம் தூங்கும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வீடியோக்கள் பார்த்தேன். நீள நோட்டு ஒன்றில் கல்லூரி ரெக்கார்டு மாதிரி கட்டம் போட்டேன். கடைசியில் இரண்டு போர்டு நின்றன. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது பழைய சாக்கெட், அதாவது ப்ராசஸர் உட்காரும் இடம் பழைய வகை. எங்களிடம் இருக்கும் ரேம் அப்படியே பொருந்தும். ரேமுக்கு நாலு இடம். ப்ராசஸருக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்குகிற பகுதியை விஆர்எம் என்கிறார்கள். சுமை ஏறினால் முதலில் கொதிப்பது அதுதான். இந்தப் போர்டில் அதன் மேல் இரண்டு பக்கமும் சூட்டை இழுக்கக் கனமான அலுமினியக் கட்டை இருந்தது. ஒரே குறை, இந்த சாக்கெட்டுக்கு இனி புது ப்ராசஸர் வராது. இன்றைக்கு எதை மாட்டுகிறோமோ அதோடு சரி.

இரண்டாவது புது சாக்கெட். இன்னும் பல வருடத்துக்கு அதற்கு ப்ராசஸர் வந்துகொண்டிருக்குமாம். போர்டை மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் இந்த விலையில் விஆர்எம் மொட்டையாக இருந்தது. பேருக்குக்கூட ஒரு கட்டை இல்லை. ரேமும் புதிதாக வாங்க வேண்டும்.

அவன் அறை மேற்குப் பார்த்தது. ஏசி வைக்க முடியாது. குளிர்ந்தால் சளி கட்டும், சளியை இருமி வெளியே தள்ள அவனுக்கு நெஞ்சில் பலம் இல்லை. போன ஐப்பசியில் ஒரு சாதாரண ஜலதோஷம் அவனைப் பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் படுக்க வைத்தது. சித்திரை வெயிலிலும் அங்கே மின்விசிறி ஒன்றாம் எண்ணில்தான் சுற்றும். அந்த அறைக்கு மொட்டை விஆர்எம் தாங்குமா? வீடியோவில் பேசுகிறவர்கள் எல்லாரும் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து சோதனை செய்கிறார்கள். அதனால் பழைய சாக்கெட்டே நல்லது என்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் காரணம் சரியான காரணம்தான்.

ஆனால் அந்த வீடியோக்களில் ஒருவர், போர்டு வாங்கும் முன் எத்தனை வருடத்துக்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அதற்கும் ஒரு கட்டம் போட்டேன். 'எத்தனை வருடத்துக்கு?' எதிரே, 'மூன்று வருடம் போதும்' என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. மற்ற கட்டங்களை எல்லாம் பென்சிலில் எழுதி, அழித்து, திரும்ப எழுதியிருக்கிறேன். இதை மட்டும் பேனாவில் எழுதியிருக்கிறேன்.

கணவர் தேனிக்குப் போய்ப் போர்டும் ப்ராசஸரும் வாங்கி வந்தார். சீல் உடைக்காமல் பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் வேறு போர்டும் ப்ராசஸரும் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னாராம். போர்டுப் பெட்டியைக் கொழுந்தன் முன்னால் மேசையில் வைத்தேன். அவன் அதன் மேல் எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"மதினி, பழைய சாக்கெட்டா?"

அந்தக் குரலில் ஏமாற்றம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. நான் சும்மா வாங்கவில்லை, எவ்வளவு பாடுபட்டேன் என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. நோட்டை எடுத்து வந்தேன். அவனால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் அவன் கண்ணுக்கு நேராக நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விஆர்எம்முக்கெல்லாம் மார்க் போட்டிருக்கீக. நீங்க டீச்சராப் போயிருக்கலாம்."

"கிண்டலா தம்பி?"

"நெசமாத்தான் சொல்றேன். நான்கூட இம்புட்டுப் பாக்கல. ரூமு சூட்டையெல்லாம் சேத்துருக்கீக. அடுத்த பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். என் கையால் நானே திருப்பினேன்.

அவன் கண் ஒவ்வொரு கட்டமாக இறங்கிக் கடைசிக் கட்டத்தில் நின்றது. பிறகு, "மூணுன்னு எப்படி வந்துச்சு?" என்றான்.

"வாரண்டி மூணு வருசம்ல, அதான் தம்பி."

"வாரண்டிய மேல தனியா எழுதிருக்கீக. இது வேற கட்டம்."

நோட்டைக் கீழே இறக்கத் தோன்றவில்லை. கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"ஆண்டிபட்டி அண்ணன் இருபத்தஞ்சுல போனாக. எனக்கு இருபத்திரண்டு. கழிச்சுப் பாத்தா சரியாத்தான் வருது" என்றான். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு போர்டைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"சத்தியமா நான் அப்படி நினைக்கல தம்பி."

"நினைச்சீகன்னு நான் சொல்லலியே. எப்படி வந்துச்சுன்னுதான் கேட்டேன்."

அதற்குள் என் பையன் தூங்கி எழுந்து வந்து, பெட்டியைப் பிரி, பிரி என்று நாற்காலியைப் பிடித்து ஆட்டினான்.

"பிரிக்கக் கூடாதுடா. உங்கம்மா கணக்க இன்னும் சரிபாக்கல" என்றான் கொழுந்தன். பையனுக்கு என்ன புரிந்ததோ, சிரித்தான். அவனும் சிரித்தான். நான் அடுப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதிலிருந்து பெட்டி அப்படியே இருக்கிறது. மறுநாள் காலையில் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, வாங்கியாந்தத மாட்டாம வச்சிருக்கீக. பிள்ள சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கான்ல" என்றார். ஆள் வர வேண்டும் என்று சொல்லி வைத்தேன். கணவர் தம்பியிடமே கேட்டார்.

"ஏலே, என்ன பஞ்சாயத்து?"

"ஒண்ணுமில்ல. மதினி யோசிக்கிறாக."

பிறகு கணவரிடம் நோட்டைக் காட்டினேன். படித்தார். அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "வேற போர்டு மாத்திட்டு வந்துருவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். டாக்டர் சொல்லவில்லை. அவர் எண் எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொரு வருடமாகப் பார்ப்போம் என்பார். என் பையனுக்கு மூன்று வயது. பார்க்கிறவர்கள் எல்லாம் வயது கேட்கிறார்கள், மூன்று என்று சொல்லிச் சொல்லி அது என் வாயிலேயே இருக்கிறது. அதுதான் கைக்கும் வந்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன்.

பையனைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் தாய்வழியில் வருவது, நோயில்லாத என் கணவர் வழியாக என் பிள்ளைக்கு வராது என்று மதுரையில் இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் படித்துப் பார்த்தேன், புரிந்தது. ஆனாலும் பையன் தரையிலிருந்து எழும்போதெல்லாம் தொடையில் கையை ஊன்றுகிறானா என்று பார்க்கிறேன். இந்த நோய் முதலில் காட்டும் அடையாளம் அது. கொழுந்தன் கண் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

இன்னொன்று நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. போன தை மாதம் மேலே மாடி எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. பையன் படிக்க ஒரு அறை வேண்டுமே என்றார் கணவர். நான், "அவன் பெரியவனாகும்போது கீழ் ரூமு இருக்கும்ல" என்றேன். கீழே தனி அறை கொழுந்தனுடையது ஒன்றுதான். அன்றைக்கு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் கவனிக்கவில்லை. கொழுந்தன் அறைக் கதவு திறந்திருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கதவை நாங்கள் சாத்துவதே இல்லை.

இன்று காலையில் சாப்பாடு ஊட்டும்போது அவனாகவே பேச்சை எடுத்தான்.

"இதவே மாட்டுறதோ, மாத்துறதோ உங்க இஷ்டம். ஆனா அந்தக் கட்டத்த அடிச்சிட்டு வேற எழுதுங்க மதினி. எழுதிக் காமிங்க. அப்புறம் பெட்டியப் பிரிப்போம்."

"என்ன எழுதணும் தம்பி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பொய்யா மட்டும் எழுத வேணாம். இருபது வருசம்னு எழுதுனீகன்னா எனக்குச் சிரிப்பு வந்துரும்." அடுத்த வாய் சோற்றை வாங்கிக்கொண்டு, "குமுளிக்காரனுக எனக்குப் பதிலா ஒருத்தனச் சேத்திருக்கானுகளாம்" என்றான்.

கடைக்காரர் சொன்ன நாளில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. புது சாக்கெட் போர்டை மாற்றி வந்தால், ஆறுதலுக்காகச் செய்தது என்று அவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். அது அந்த அறைச் சூட்டில் நின்றுபோனால் திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதையே மாட்டினால் என் மூன்று வருடம் அவன் மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

போர்டுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அலுமினியக் கட்டை இல்லாத மலிவுப் போர்டு, ஏசி இல்லாத மேற்குப் பார்த்த அறையில் தாங்குமா? தனியாகக் கட்டை வாங்கி ஒட்டினால் நிற்குமா? வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்க்கிறவர்களும், இப்படி ஒரு நாற்காலியில் இருந்துகொண்டே இதைப் படிக்கிறவர்களும் இன்னொன்று சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதட்டும்? அவனிடம் நோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்ட வேண்டியது நான்தான்.