எழுந்து நிற்காத ராமாயி அக்கா

ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஓர் ஊர், அந்த ஊற்றுக்காக வாதாடிய பெண்ணையே ‘தண்ணீருக்கு எதிரி’ என்று எப்படி நம்பியது? எனக்கு விடை தெரியவில்லை.

சேலத்தில், கல்லூரி ஆசிரியர் அறையில் இருந்தபோது ராமாயி அக்காவின் மருமகள் போன் செய்தாள். “டீச்சர், அத்தை போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்க. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க.” மறுநாள் கிராம சபை. அதற்காகத்தான் அக்கா அதுவரை வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

இறந்துவிட்டார் என்பதற்காக அவரைச் சாந்தமானவர் என்று எழுத மாட்டேன். அவரை அறிந்த உங்களுக்கும் அது தெரியும். ஏற்காட்டுக்கு மேலே, எங்கள் சிற்றூரில் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், நிறைய வாய். ஒருமுறை சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று ஊற்றுக்குள் இறங்கிச் சேற்றுக் கால்களைக் கழுவியது. “ஏனுங்க, உங்க ஊட்டுக் குடத்துக்குள்ளயும் இப்படித்தான் காலை உடுவீங்களா?” என்றார். அவர்கள் ஈரக் காலோடு ஜீப்பில் ஏறினார்கள்.

எங்கள் சபையில் கை தூக்கும் வழக்கம் இல்லை. தீர்மானத்தை ஆதரிப்பவர் எழுந்து நிற்க வேண்டும், எதிர்ப்பவர் உட்கார்ந்திருக்கலாம். போன வருடம் ஊற்றுக்கு வேலி போடுவதையும், அதையொட்டிய பூங்காவை விரிவாக்குவதையும் ஒரே தீர்மானமாக வாசித்தார்கள்.

“ரெண்டையும் பிரிச்சுப் படிங்க,” என்றார் அக்கா. “ஊத்துக்கு எந்திரிக்கிறேன். பூங்காவுக்கு மாட்டேன்.”

“ஒரே நிதிங்கக்கா. பிரிக்க முடியாது,” என்றார் ஊராட்சித் தலைவர்.

ஊரே எழுந்தது. அக்கா தரையில் அசையாமல் இருந்தார். “முட்டி வலிங்களாக்கா? கை குடுக்கட்டுமா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். “முட்டி நல்லாத்தான் இருக்குது சாமி. உங்களுக்குத்தான் எந்திரிச்சா உக்காரத் தெரியல,” என்றார். அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேலி செய்யவில்லை. படித்தவர்களுக்கு இந்த ஊர் தரும் மரியாதை சில நேரம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பூங்காவுக்கு அலங்கார வளைவு வந்தது, சிமென்ட் காளான்கள் வந்தன, வண்டி நிறுத்துமிடம் வந்தது. ஊற்றுக்கு வேலி வரவில்லை. தண்ணீரைப் போற்றும் ஒரு பெயர்ப்பலகை வந்தது. ஊற்றுக்கு மேலிருந்த சரிவின் ஒரு பகுதியில் மரங்களை வெட்டிப் புல்தரை விரித்தார்கள். அந்தக் கோடையில் ஊற்று நூலாக இளைத்தது.

எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாக வசிக்கும் லைன் வீடுகளின் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். அவர்களில் சாந்தி என்பவள் அக்காவைப் பார்த்து, “தண்ணி வேண்டாம்னு உக்காந்தவங்களுக்குக் குடம் எதுக்குங்க?” என்றாள். அக்கா தன் முறை வந்தபோது குடத்தை நிரப்பினார். பிறகு என்னிடம் சொன்னார்: “அவ மேல கோபமில்லீங்க டீச்சர். ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து அவளுக்குப் படிச்சுக் காட்டுனான் பாருங்க, அவன் மேலதான் நொம்பக் கோபம்.” அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் வரவில்லை.

இந்த வருடம் பூங்காவின் இரண்டாம் கட்டம், மறுபடியும் ஊற்றுப் பாதுகாப்போடு ஒரே தீர்மானமாக. ஊற்றுக்கு நீர் கசிந்து இறங்கும் மேல் சரிவில் மிச்சமிருக்கும் மரங்கள் போய்விடும். பிரித்து வாசிக்கச் சொல்லி எல்லோரும் கேட்க வேண்டும் என்று அக்கா ஒவ்வொரு வாசலிலும் நின்றார். சாந்தியிடம்தான் முதலில் போனார். அவளும் சரி என்றாள்.

போன் வந்த அன்று மாலை அவரை அவருடைய தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு கேள்வியை மட்டும்தான்: “இதுல எதுக்கு நான் எந்திரிக்கிறேன்?”

மறுநாள் சபை கூடியது. மேசைமேல் அக்காவின் படம், மாலை. ‘ஊற்றைக் காத்த தாய்’ என்றார் தலைவர். மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தோம். அது முடிந்து யாரும் உட்காருவதற்கு முன்பே செயலர் தீர்மானத்தை வாசித்தார்: ஊற்றுப் பாதுகாப்பு, பூங்கா விரிவாக்கம், ஒரே மூச்சில்.

“எல்லாரும் நிக்கிறீங்க. சந்தோஷமுங்க,” என்றார் தலைவர்.

“நாங்க எழுந்தது அக்காவுக்கு,” என்றேன்.

“தீர்மானமும் அவங்களுக்காகத்தானுங்க டீச்சர்.”

சாந்தி தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பின்னால் லைன் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். செயலர் அதற்குள் எழுதி முடித்திருந்தார்: ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.