வெட்டினால் முடிந்தது

என் அக்கா தையல்காரி. கோட் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது; சொன்ன நாளில் கொடுப்பாள் என்று நம்பியவர்கள்தான் பாவம். அவளுக்கு விழும் திட்டையெல்லாம், பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் நானும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

போன வருடம் அவள் போனில் ஒரு ஆப் ஏறியது. யார் துணி, என்றைக்கு வேண்டும் என்று போட்டுவிட்டால் அதுவே மணியடித்து ஞாபகப்படுத்தும். முடித்ததும் தொட்டால் பச்சை டிக் விழும், அப்புறம் அந்த வேலைக்காக மணி அடிக்காது. குறை சொல்லக் கூடாது, கடையில் சண்டை பாதி குறைந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் துணியை வெட்டியதுமே "முடிஞ்சுது" என்பது அவள் பழக்கம். வெட்டுவதுதான் மூளை வேலை, மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. கத்திரியைக் கீழே வைத்த கையோடு டிக் போட்டுவிடுவாள். வாடிக்கையாளர்களுக்கு இதனால் மோசமில்லை. விடாமல் போன் போட்டு அவள் பிராணனை வாங்கிவிடுவார்கள். அவள் மகள் அப்படியா? முதல் இன்டர்வியூவுக்கு ஒரு கோட் வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அம்மாதானே என்ற நம்பிக்கை.

இன்டர்வியூ அன்று காலை குளித்துவிட்டு வந்து கேட்டாள். "அம்மா, என் கோட் எங்க?"

"அது அப்பவே முடிஞ்சுதே. பாரு, டிக் போட்டிருக்கு." அக்கா போனை நீட்டினாள்.

அலமாரியைக் குடைந்ததில் கோட் கிடைத்தது. கை தனி, முதுகு தனி, காலர் தனி. அழகாகச் சுருட்டி நூல் கட்டியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டிக்கையா மாட்டிக்கிட்டுப் போவா?" என்றேன்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உக்காரு கண்ணு, இப்பவே தச்சுடறேன்" என்று மெஷினில் நூல் கோக்கப் போனாள். அவசரத்தில் ஊசியில் நூல் ஏறவே இல்லை.

"பஸ் போயிடும்மா" என்று மகள் காலர் நைந்த பழைய சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். போனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அக்கா போட்ட டிக்கை அது நம்பியது. அது காட்டியதை இவள் நம்பினாள். நடுவில் அந்தப் பெண் நைந்த சட்டையோடு போய் நிற்கப்போகிறாள்.

அக்கா வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "அடுத்த தடவை முதல்ல உன்னோடதுதான்டி."

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே, கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

"வேணாம்மா. பக்கத்துத் தெரு டெய்லர்கிட்ட குடுத்துக்கறேன். அங்கன்னா நான் கஸ்டமர்."